செத்தவன் பிடி

எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குப் பெயர் செத்தவன்.
கைப்பிடிக்குக் கீழே, சிவப்பு உறை போட்ட
ஒரு சின்ன நெம்புகோல்.
அழுத்திப் பிடித்திருக்கும் வரை கத்திகள் சுழலும்.
விட்டால் நிற்கும்.
வழுக்கினாலும், மயங்கினாலும்,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாலும்
நிற்கும்.
செத்தவனால் முடிந்த ஒரே வேலை கையை விடுவது.
அதை நம்பித்தான் செய்திருக்கிறார்கள்.

லிகூரியாவின் இந்தச் சரிவில்
ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே
ஆளுயரக் கல்சுவர்.
திராட்சைக்கு நடுவே உழுது முடிப்பதற்குள்
நாற்பது திருப்பம்.
கட்டைவிரல் மரத்துப்போகிறது என்பார்கள்.
அதனால் செத்தவனைக் கட்டிப்போடுவார்கள்.

என் பட்டறைச் சுவரில் ஓர் ஆணி.
அவிழ்த்ததையெல்லாம் அதில்தான் மாட்டுவேன்:
சைக்கிள் டியூப் கீற்று,
ஷூ கயிறு,
கொடி கட்டுகிற வில்லோ மிலாறு, கொடிக்குப் போடும் அதே முடிச்சோடு.
ஒருமுறை, பாதிரியார் தோட்டத்து வண்டியிலிருந்து
ஜெபமாலை நூல்.
மணி ஒன்றுகூட இல்லை.
ஆணிக்குப் பக்கத்தில் நின்றுதான் ரசீது எழுதுவேன்,
பார்க்கட்டும் என்று.
"நிவெஸ், உனக்கு நிலமில்லை,
நாக்கு மட்டும் ஆறு ஏக்கர்" என்று சிரிப்பார் எவாசியோ.

கட்டாதவர் அவர் ஒருவர்தான்.
கல் பொறுக்கின பிறகே வண்டியை இறக்குவார்.
கத்தியில் வேர் சுற்றினால்
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான்
குனிவார்.

மார்ச்சில் இல்வா வந்தாள்.
ஆப்பே வண்டியின் பின்னால்
ஒருக்களித்துக் கிடந்தது அவர்களுடைய இயந்திரம்.
கத்தியில் மண். மண்ணுக்குள் பூட்ஸ் தோல்.

"பின்னுக்கு எடுத்திருக்கிறார்" என்றாள்.
"முதுகில் சுவர். காலடியில் கத்தி.
கையை விட்டிருக்கிறார், நிவெஸ்,
இரண்டு கையையும்.
அது நிற்கவில்லை.
மேல் தட்டிலிருந்து குதித்து நான்தான் ஒயரைப் பிடுங்கினேன்."
மூன்று விரல் போய்விட்டது.
பாதம் தேறிவிடுமாம்.

"அவர் கட்டமாட்டார்" என்றாள்.
கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

உறையை நகர்த்தினேன்.
பச்சை ஒயர்.
இரண்டு சுற்று, ஒரு முறுக்கு,
நுனி உள்ளே மடித்து.
கையில் குத்தக்கூடாதென்று நுனியை உள்ளே மடிக்கிற ஆள்
இந்தச் சரிவில் யாரென்று
எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் கார்ப்பரேட்டரைச் சரிபார்த்தபோது
எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
பிறகு போன் அடித்தது. யார் என்று நினைவில்லை.
சாயங்காலம் எவாசியோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

எப்போதும் அழுத்திப் பிடிப்பவருக்குக்
கட்டியிருப்பது தெரியாது.
த்ராட்டிலை இறக்கி, அணைத்த பிறகே கையெடுப்பவருக்கு
ஒருநாளும் தெரியாது.
கயிறு கட்டுகிற எல்லோரும்
முதல் திருப்பத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

சொன்னேன்.
கத்தியைக் கழுவும்போது சொல்லியிருக்கலாம்,
தண்ணீர்ச் சத்தத்தில்.
குழாயை மூடிவிட்டுச் சொன்னேன்.

இல்வா ஒன்றும் பேசவில்லை.
இயந்திரத்தைக் கிளப்பச் சொன்னாள்.
கைப்பிடியைப் பிடித்தாள். அழுத்தினாள். விட்டாள்.
நின்றது.
மறுபடி கிளப்பச் சொன்னாள்.
அழுத்தினாள், விட்டாள். நின்றது.
பத்து முறை இருக்கும்.
ஒவ்வொரு முறை நிற்கும்போதும்
கீழ்த் தட்டில் யாரோ இருமுவது வரை கேட்டது.

பிறகு ஆணியைப் பார்த்தாள்.
"அதையும் மாட்டு" என்றாள்.
"முன்னால்."

மாட்டியிருக்கிறேன்.
ரசீது எழுதும்போது இப்போதெல்லாம்
நானும் அந்தப் பக்கம் பார்க்கிறேன்.
எவாசியோவின் ரசீதில் தொகை எழுதவில்லை.
எழுதாததை அவர் ஏற்கவில்லை.
போன வாரம் ஊன்றுகோலோடு வந்து
பாட்டரி விலை கேட்டுவிட்டு,
சிரிக்காமல் போனார்.